ஆதி விண்மீன் மண்டலங்களில் இரை விழுங்கும் கருந்துளைகள்: ராமநாதபுரம் கரையிலிருந்து நிறமாலை படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த நிறமாலைகளில் பெரும்பகுதி இன்று யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி திறந்து கிடக்கிறது. தொண்டியிலோ மண்டபத்திலோ ஒரு லேப்டாப்பும் போன் ஹாட்ஸ்பாட்டும் இருந்தால் போதும். பிரபஞ்சம் பிறந்து சுமார் 100 கோடி ஆண்டுகளே ஆகியிருந்த காலத்து விண்மீன் மண்டலத்தின் ஒளியைத் திறந்து, அதன் நடுவே செயலில் உள்ள கருந்துளை இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு கனம் என்று நாமே கணக்குப் போடலாம். பிளஸ் டூ இயற்பியலும் மடக்கைக் கணக்கும் தெரிந்த மாணவருக்கு இது எட்டாத வேலை இல்லை.

தரவு கிடைப்பதில் சிரமமில்லை. திரையில் தெரியும் அகலமான கோடு உண்மையிலேயே கருந்துளையால் வந்ததா, வேறு ஏதோ ஒன்று அப்படிக் காட்டுகிறதா என்று பிரித்தறிவதில்தான் உழைப்பு முழுக்க இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டி இரண்டு பாதியாகப் போகிறது. முதல் பாதியில் 3சி 273 என்ற குவாசாரை (நடுவிலுள்ள கருந்துளை இரை விழுங்குவதால் மிகப் பிரகாசமாக ஒளிரும் விண்மீன் மண்டல மையம்) நம் கரையிலிருந்தே 8 அங்குலத் தொலைநோக்கியில் பிடித்து, கோட்டின் இடத்தையும் அகலத்தையும் கையால் அளந்து பழகுகிறோம். இரண்டாம் பாதியில் அதே அளவீட்டை வெப் தரவில் செய்கிறோம். தொலைநோக்கி இல்லாதவர்கள் முதல் பாதியை வாசித்துவிட்டு நேரே இரண்டாம் பாதிக்குப் போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் வானத்தை மூடிவிடும் மாதங்கள் இரண்டாம் பாதிக்குத் தோதானவை.

எதைத் தேடுகிறோம்

கருந்துளை தானாக ஒளிராது. அதற்குள் சுழன்று விழும் வாயு சூடேறி ஒளிர்கிறது. அந்த வாயுத் தட்டுக்குச் சற்று வெளியே இருக்கும் ஹைட்ரஜன் மேகங்கள் நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகின்றன. நம்மை நோக்கி வரும் மேகத்தின் ஒளி நீலப் பக்கமும், விலகிப் போகும் மேகத்தின் ஒளி சிவப்புப் பக்கமும் நகரும். எல்லாம் சேர்ந்து வரும்போது ஹைட்ரஜன் கோடு இரு பக்கமும் விரிந்து அகலமாகத் தெரியும்.

இதில் நமக்கு உதவும் ஒரு விஷயம் உண்டு. அந்த மேகங்களில் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 100 கோடித் துகள்களுக்கு மேல். ஆக்சிஜனின் 5008 ஆங்ஸ்ட்ராம் கோடோ, அடர்த்தி சுமார் 7 லட்சத்தைத் தாண்டினாலே மோதல்களால் மங்கத் தொடங்கிவிடும். எனவே கருந்துளைக்கு அருகிலுள்ள வாயுவிலிருந்து ஆக்சிஜன் 5008 வராது. வெளியே மெதுவாக நகரும் மெல்லிய வாயுவிலிருந்துதான் வரும். ஹெச்-ஆல்பா (ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு) அகலமாகவும் ஆக்சிஜன் 5008 ஒல்லியாகவும் ஒரே பொருளில் தெரிந்தால், அதுதான் நாம் தேடும் அடையாளம். கீழே வரும் படிகள் எல்லாமே இந்த ஒரு ஒப்பீட்டைப் பிழையில்லாமல் செய்வதற்காகத்தான்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம்? கருந்துளை அதிகபட்ச வேகத்தில் தின்று வளர்ந்தாலும் அதன் நிறை சுமார் 2.7 மடங்காக ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் தேவை. 100 சூரிய நிறையில் தொடங்கி 160 கோடி சூரிய நிறையை எட்ட 80 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால் ஜே0313-1806 என்ற குவாசார் அந்த நிறையோடு தெரிவது பிரபஞ்சத்துக்கு 67 கோடி வயது ஆனபோதே. விதை பெரிதாக இருந்ததா, வளர்ச்சி வரம்பை மீறியதா என்ற கேள்விக்கு இன்னும் முடிவில்லை. அந்தப் பெரிய குவாசாரைவிடச் சிறிய நிலையிலுள்ள கருந்துளைகளைத்தான் வெப் தரவில் தேடுகிறோம்.

முதல் பாதி: 3சி 273-ஐப் பிடித்தல்

கன்னி விண்மீன் குழுவில் இருக்கும் இந்தக் குவாசாரின் ஒளிப்பொலிவு சுமார் 12.9. இதன் செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவு) 0.158 என்று 1963-இல் மார்டன் ஷ்மித் கண்டறிந்தார். அந்த ஒளி கிளம்பி 200 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நம் அட்சரேகை 9 பாகையை ஒட்டியிருப்பதால் இது உச்சியில் ஏறத்தாழ 82 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட தலைக்கு நேரே கடக்கிறது. காற்று மண்டலத்தின் மிக மெல்லிய பகுதி வழியாக ஒளி வருவது நமக்குப் பெரிய அனுகூலம். மார்ச் இறுதியில் நள்ளிரவு தாண்டியதும் உச்சிக்கு வரும். மே முதல் வாரத்தில் இரவு 10 மணியை ஒட்டியே வந்துவிடும். பங்குனியும் சித்திரை முற்பாதியும்தான் இதற்குச் சரியான காலம். சித்திரையில் சோளகம் (தென்காற்று) பிடித்துவிட்டால் நியூட்டோனியன் குழாய் பாய்மரம் போல ஆடும்.

வேண்டிய பொருள்கள் இவை: 200 மி.மீ. விட்டமும் 1,000 மி.மீ. குவியத் தூரமும் உள்ள தொலைநோக்கி, மோட்டார் பொருத்திய ஈக்வட்டோரியல் மவுண்ட், மி.மீ.க்கு 100 கோடுள்ள, ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும் கீற்றணி (ஸ்டார் அனலைசர் 100 போன்றது, ஒன்றேகால் அங்குல வடிகட்டி மரையில் பொருந்தும்), 3.75 மைக்ரான் பிக்சல் உள்ள கருப்பு வெள்ளை கேமரா, 12 வோல்ட் பனி ஹீட்டர் பட்டை.

இடம் தேர்வதில் அவசரம் வேண்டாம். தனுஷ்கோடி இருட்டு என்று ஆசைப்பட வேண்டாம். மாலைக்கு மேல் அங்கே இருக்க அனுமதியில்லை. அலை தெறிக்கும் கரையும் வேண்டாம். உப்புப் படலம் அலுமினியப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே, பனையோ கருவேலமோ காற்றைத் தடுக்கும் திறந்த வெளி நல்லது. சாயல்குடி, முதுகுளத்தூர் பக்கம் கரிமூட்டம் போடும் நாளில் காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று முன்னதாகவே பாருங்கள். அந்தப் புகை வானத்தில் சமமாகப் பரவாததால் நிறமாலையின் நீல முனையை நிமிடத்துக்கு ஒரு மாதிரி குறைக்கும். இரவில் கடலோரம் குழாயோடு நின்றால் கேள்வி வருவது இயல்பு. ஊர்ப் பெரியவரிடமும், உள்ளூர்க் காவல் நிலையத்திலோ கடலோரப் பாதுகாப்புக் குழும நிலையத்திலோ முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருப்பதால் பச்சை லேசரை வானில் அடிப்பது கூடவே கூடாது.

மவுண்டில் நம் ஊருக்கென்றே வரும் ஒரு தொல்லை இருக்கிறது. பல மவுண்டுகளின் அட்சரேகைத் திருகு 15 பாகைக்குக் கீழே இறங்காது. நமக்கு வேண்டியது 9. வடக்குக் காலைக் குறைத்து முக்காலியையே வடக்கே சாய்ப்பதுதான் வழி. வடக்குக் காலுக்கும் மற்ற இரண்டு கால்களை இணைக்கும் கோட்டுக்கும் நடுவே 70 செ.மீ. இருந்தால், 6 பாகைச் சாய்வுக்கு 7 செ.மீ.க்குச் சற்று மேல் இறக்க வேண்டும். எடை முன்பக்கம் சாய்வதால் தெற்குப் பக்கம் ஒரு மணல் மூட்டையைத் தொங்கவிடுங்கள். எதிர்எடைத் தண்டு கிட்டத்தட்ட செங்குத்தாகத் தொங்கி வடக்குக் காலில் இடிக்கும். மோட்டாரை ஓடவிடும் முன் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது. துருவ விண்மீன் அடிவான மூட்டத்தில் மறைந்தே கிடக்கும், ஆகையால் பிளேட் சால்விங் (படத்திலுள்ள விண்மீன்களை வைத்துத் திசையைக் கண்டுபிடிப்பது) மூலம் துருவ அச்சைச் சரிசெய்யும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள்.

கீற்றணிக்கும் கேமரா உணரிக்கும் நடுவே 40 மி.மீ. வையுங்கள். ஒரு பிக்சலுக்கு எத்தனை ஆங்ஸ்ட்ராம் என்ற கணக்கு எளிது: கீற்றணிக் கோடுகளின் இடைவெளியான 1,00,000 ஆங்ஸ்ட்ராமைப் பிக்சல் அளவால் பெருக்கி, தூரத்தால் வகுக்க வேண்டும். 1,00,000 × 0.00375 ÷ 40 = 9.4. விண்மீனின் நேர்ப் பிம்பத்திலிருந்து (கீற்றணியில் பிரியாமல் விழும் புள்ளி) ஹைட்ரஜனின் நீலப்பச்சைக் கோடான ஹெச்-பீட்டா சுமார் 520 பிக்சல் தள்ளி விழும். கீற்றணியைச் சுழற்றி, பக்கத்து விண்மீன்களின் நிறமாலை மேலே விழாத கோணத்தைத் தேடுங்கள். ஃபோகஸை நேர்ப் பிம்பத்தில் வைக்காமல் நிறமாலையின் பச்சைப் பகுதியில் வையுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கூர்மையாகாது.

முதலில் அதே விண்மீன் குழுவில் சுமார் மூன்றரை பாகை தள்ளி இருக்கும் ஈட்டா விர்ஜினிஸ் விண்மீனை எடுங்கள். ஏ வகை விண்மீன் என்பதால் ஹைட்ரஜனின் கருங்கோடுகள் ஆழமாகத் தெரியும். நேர்ப் பிம்பம் 0, ஹெச்-பீட்டா 4861 என்ற இரண்டு புள்ளிகளை வைத்து அலைநீள அளவுகோலைப் போட்டு, ஹெச்-காமா 4340-இல் விழுகிறதா என்று சரிபாருங்கள். 10 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் தள்ளியிருந்தால் கீற்றணி சாய்ந்திருக்கிறது அல்லது நேர்ப் பிம்பம் கேமராவில் நிரம்பி வழிந்து அதன் மையம் தப்பாக வருகிறது.

பிறகு கீற்றணியையும் கேமராவையும் தொடாமல் குவாசாருக்குப் போங்கள். 30 நொடிப் படங்கள் 60 எடுத்தால் அரை மணி நேர ஒளி. நம் இரவு வெப்பநிலை பெரிதாக இறங்குவதில்லை. குளிரூட்டி இல்லாத கேமராவில் சூட்டு இரைச்சல் அதிகம். மூடி போட்ட இருட்டுப் படங்கள் 30-ஐ அதே நேரத்தில், அதே 30 நொடிக்கு எடுத்தே ஆக வேண்டும். மறுநாள் ஏசி அறையில் எடுத்த இருட்டுப் படம் பொருந்தாது. அடுக்கிச் சேர்க்க சிரில், நிறமாலையைப் பிரித்தெடுக்க விஷுவல் ஸ்பெக் இரண்டும் இலவசம்.

ஹெச்-பீட்டா 4861-க்குப் பதில் 5629-ஐ ஒட்டி ஒரு மேடாக எழும்பும். 5629 ÷ 4861 − 1 = 0.158. ஒரு பிக்சல் பிழை செம்பெயர்ச்சியில் 0.002 ஆகும், உங்களுக்கு 0.155 முதல் 0.161-க்குள் வந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். காற்றின் நடுக்கம் 3 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) இருக்கும் இரவில் கருவியின் சொந்த அகலமே 37 ஆங்ஸ்ட்ராம் வரும். கோட்டின் உண்மை அகலம் 66 என்றால் திரையில் 76 தெரியும். அகலங்களை நேராகக் கழிக்கக் கூடாது; வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இந்தக் குவாசாரில் வாயு நொடிக்கு 3,000 கி.மீ.க்கு மேல் ஓடுவதால் இவ்வளவு எளிய கருவியிலேயே அகலம் பிடிபடுகிறது.

ஹெச்-ஆல்பாவும் தெரியும், 7600-இல். ஆனால் அங்கேதான் நம் காற்றிலுள்ள ஆக்சிஜன் 7594-லிருந்து ஒரு பட்டையை அப்படியே விழுங்குகிறது. கோட்டின் நடுவே பள்ளம் விழுந்து, இரண்டு மேடு இருப்பது போல ஒரு தோற்றம் வரும். ஈட்டா விர்ஜினிஸ் படத்தில் அதே இடத்தைப் பாருங்கள்; அங்கேயும் பள்ளம் இருக்கும். இலக்குக்குச் சொந்தமில்லாத ஒன்று இலக்கின் கோட்டில் ஏறி உட்காருவதை இங்கே கண்ணால் பார்த்துவிட்டால், வெப் தரவில் இதே வகைப் பொறியை அடையாளம் காண்பது சுலபம்.

இரண்டாம் பாதி: வெப் தரவு

வெப்பின் நிறமாலைக் கருவியான நிர்ஸ்பெக் 0.6 முதல் 5.3 மைக்ரான் வரை பார்க்கிறது. சுமார் இரண்டரை லட்சம் குட்டி ஷட்டர்களில் வேண்டியவற்றை மட்டும் திறந்து ஒரே நேரத்தில் பல பொருள்களின் நிறமாலையை எடுக்கும். ஒவ்வொரு ஷட்டரும் 0.20 × 0.46 விகலை. வழக்கமாக ஒரு பொருளுக்கு மூன்று ஷட்டர் வரிசையாகத் திறந்து, பொருளை ஒவ்வொன்றிலும் மாற்றி மாற்றி வைத்து எடுப்பார்கள்.

முப்பட்டகம், கீற்றணி என்று இரண்டு வகைத் தரவு கிடைக்கும். முப்பட்டகத்தின் பிரிதிறன் சராசரியாக 100. 1 மைக்ரானை ஒட்டி 30-க்கு இறங்கி, 5 மைக்ரானில் 300 வரை ஏறும். பிரிதிறன் 100 என்றால் நொடிக்கு 3,000 கி.மீ.க்குக் குறைந்த அகலம் எதுவும் பிரிந்து தெரியாது. மங்கலான பொருளின் செம்பெயர்ச்சியைக் கண்டுபிடிக்க அது அருமையான கருவி; அகலத்தைத் தீர்மானிக்க அதை நம்பக் கூடாது. அகலத்துக்கு ஜி395எம் என்ற நடுத்தரக் கீற்றணி வேண்டும். 2.87 முதல் 5.2 மைக்ரானுக்குச் சற்று மேல் வரை, பிரிதிறன் சுமார் 1,000, அதாவது 300 கி.மீ.

பொருளைத் தேர்வது. டான் ஜேம்ஸ் வெப் ஆவணக்காப்பகத்தில், கோபன்ஹேகனிலுள்ள காஸ்மிக் டான் மையத்தினர் நிறமாலைகளைச் சீர்செய்து பட்டியலாக வைத்திருக்கிறார்கள். ரூபீஸ் (திட்ட எண் 4233), சீர்ஸ் (1345), ஜேட்ஸ் ஆகிய ஆய்வுகளின் தரவு அதில் உண்டு. பட்டியலில் தரம் 3 என்றிருப்பவை செம்பெயர்ச்சி உறுதியானவை. அவற்றில் செம்பெயர்ச்சி 4.8 முதல் 6.9 வரை உள்ளவற்றை மட்டும் வடிகட்டுங்கள். 4.8-க்குக் கீழே ஆக்சிஜன் 5008 ஜி395எம்-இன் நீல விளிம்புக்கு வெளியே போய்விடும்; 6.9-க்கு மேல் ஹெச்-ஆல்பா சிவப்பு விளிம்பைத் தாண்டிவிடும். ஒப்பிட வேண்டிய இரண்டு கோடும் ஒரே கருவியில், ஒரே தரவில் இருப்பது இந்த இடைவெளியில் மட்டும்தான். ஒரு கோப்பு சில எம்பிக்கு மேல் போகாது, கிராமத்து சிக்னலிலும் இறங்கிவிடும்.

கோப்பைத் திறப்பது. பைத்தானில் ஆஸ்ட்ரோபை நூலகம் ஃபிட்ஸ் கோப்பைத் திறக்கும். லேப்டாப் பழையது என்றால் கூகுள் கோலாபிலேயே எல்லா வேலையும் முடியும். அட்டவணையில் அலைநீளம் மைக்ரானிலும் ஒளி மைக்ரோஜான்ஸ்கியிலும் பிழை தனி நெடுவரிசையிலும் இருக்கும். கோட்டின் மொத்த ஒளியைக் கணக்கிட ஆங்ஸ்ட்ராமுக்கு மாற்ற வேண்டும். மாற்றம் சரியா என்று பார்க்க ஓர் அளவுகோல்: 4 மைக்ரானில் 1 மைக்ரோஜான்ஸ்கி என்பது, சதுர சென்டிமீட்டருக்கு, ஓர் ஆங்ஸ்ட்ராமுக்கு, நொடிக்கு 1.87 × 10⁻²⁰ எர்க். வேறு எண் வந்தால் அலைநீளத்தின் வர்க்கத்தை எங்கோ விட்டிருக்கிறீர்கள்.

செம்பெயர்ச்சி. ஒற்றைக் கோட்டை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். ஹெச்-பீட்டா, ஆக்சிஜன் 4960, ஆக்சிஜன் 5008 மூன்றும் ஒரு கூட்டமாக வரும். ஆக்சிஜன் ஜோடியில் 5008-இன் ஒளி எப்போதும் 4960-ஐப் போல 3 மடங்கு, அணுவின் அமைப்பே அந்த விகிதத்தைத் தீர்மானிக்கிறது. 4.100 மைக்ரானில் ஒரு கோடு தெரிகிறது, அது ஹெச்-ஆல்பா என்று சந்தேகம் என வைத்துக்கொள்வோம். 41,000 ÷ 6564.6 − 1 = 5.246. அப்படியானால் 5008 விழ வேண்டிய இடம் 3.128 மைக்ரான், ஹெச்-பீட்டா 3.037 மைக்ரான். இரண்டும் அங்கே இருந்தால்தான் மேலே போக வேண்டும். வெப் தரவில் எல்லாம் வெற்றிட அலைநீளம். பாடப்புத்தகத்திலுள்ள 6562.8, 5007 காற்றில் அளந்தவை. ஒன்றை அதிலிருந்தும் இன்னொன்றை இதிலிருந்தும் எடுத்தால் 80 கி.மீ. அளவுக்குப் பொய் வேகம் முளைக்கும்.

இரட்டைப் பரிமாணப் படம். இந்தப் படியைத் தாண்டிப் போவதால்தான் பெரும்பாலான தவறுகள் வருகின்றன. கோப்பில் ஒற்றை வரைபடத்தோடு இரட்டைப் பரிமாணப் படமும் இருக்கும். உண்மையான கோடு நடுவில் பிரகாசமாகவும், மேலும் கீழும் இருண்ட நிழலாகவும் தெரியும். பொருளை ஷட்டர் விட்டு ஷட்டர் நகர்த்தி, பின்னணியைக் கழிப்பதால் அந்த நிழல் விழுகிறது. நிழல் இல்லாத பிரகாசப் புள்ளி ஒரு கெட்ட பிக்சலாகவோ அண்டக்கதிர் அடித்த தடமாகவோ இருக்கும். மூடாமல் பழுதாகி நிற்கும் ஷட்டர்கள் வழியாக வேறொரு விண்மீன் மண்டலத்தின் ஒளி வந்து கலப்பதும் உண்டு. அப்போது பிரகாசக் கீற்று மையத்திலிருந்து விலகி ஓடும். ஹெச்-ஆல்பாவின் ஒரு சிறகு மட்டும் நீண்டு, அந்தச் சிறகு இரட்டைப் பரிமாணப் படத்தில் மையத்துக்கு வெளியே இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பிழைகளைச் சரிசெய்வது. கோப்பிலுள்ள பிழை பல நேரம் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். கோடில்லாத ஒரு பகுதியை எடுத்து, தொடர் ஒளியைக் கழித்து, மிச்சத்தைப் பிழையால் வகுத்து, அதன் சிதறலைப் பாருங்கள். 1 வர வேண்டும். 1.3 வந்தால் எல்லாப் பிழையையும் 1.3-ஆல் பெருக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் இரைச்சலே அகலக் கோடாக மாறி வந்து நிற்கும்.

பொருத்துவது. ஹெச்-ஆல்பாவின் இரு பக்கமும் 10,000 கி.மீ. வரை வெட்டியெடுங்கள். நம் எடுத்துக்காட்டில் 3.96 முதல் 4.24 மைக்ரான், ஏறத்தாழ 150 பிக்சல். முதலில் ஆக்சிஜன் 5008-ஐத் தனியாக ஒரு காஸியன் (மணி வடிவ) வளைவால் பொருத்தி அதன் அகலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஹெச்-ஆல்பாவுக்கு இரண்டு மாதிரி.

முதல் மாதிரியில் ஒல்லியான ஹெச்-ஆல்பாவும், இரு பக்கமும் நைட்ரஜன் 6550, 6585 கோடுகளும், எல்லாம் ஆக்சிஜனின் அதே அகலத்தில். நைட்ரஜன் ஜோடியின் விகிதம் 1-க்கு 3 என்று கட்டிவிடுங்கள். நைட்ரஜனை விட்டுவிடக் கூடாது: அவை ஹெச்-ஆல்பாவிலிருந்து நீலப் பக்கம் 670, சிவப்புப் பக்கம் 945 கி.மீ. தள்ளி நிற்பதால், முப்பட்டகத்தில் மூன்றும் ஒன்றாகி 1,500 கி.மீ. அகலக் கோடு போலவே தெரியும். கருந்துளை என்று அறிவிக்க ஆசைப்படுபவர் விழும் முதல் குழி இது.

இரண்டாம் மாதிரியில் இவற்றோடு ஓர் அகலமான ஹெச்-ஆல்பா. அகலத்தை 1,000 முதல் 6,000 கி.மீ.க்குள் தேட விடுங்கள். கூடுதல் அளவுருக்கள் சேர்த்தால் எந்த வளைவும் கொஞ்சம் நன்றாகத்தான் பொருந்தும். அதனால் பிஐசி என்ற அளவையால் ஒப்பிட வேண்டும். 150 பிக்சலில் ஒவ்வொரு கூடுதல் அளவுருவுக்கும் 5 புள்ளி அபராதம். மூன்று அளவுருவுக்கு 15. அதற்கு மேலும் 10 புள்ளி லாபம் வேண்டும். ஆக கை-ஸ்கொயர் (மாதிரி தரவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) குறைந்தது 25 இறங்க வேண்டும். கூடவே அகலக் கோட்டின் ஒளி அதன் பிழையைப் போல 5 மடங்காவது இருக்கட்டும். இரைச்சலை மாற்றி மாற்றிச் சேர்த்து 500 தடவை பொருத்தினால் அகலத்தின் பிழை கிடைக்கும்.

கருவி அகலத்தைக் கழிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2,100 கி.மீ. கோட்டில் 300-ஐக் கழித்தால் 2,078, பெரிய மாற்றமில்லை. ஆனால் ஆக்சிஜனின் 350 கி.மீ. கோட்டில் கழித்தால் 180 ஆகிவிடும். வெளியிடப்பட்ட பிரிதிறன் எண்கள் ஷட்டரை முழுக்க நிரப்பும் ஒளிக்கானவை. புள்ளி போன்ற பொருளுக்கு உண்மைப் பிரிதிறன் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை மேல். ஆகவே அகலக் கோட்டைப் பற்றி உறுதியாகப் பேசலாம், ஒல்லிக் கோட்டின் அகலத்தை மேல்வரம்பாகச் சொல்வதே நேர்மை.

வாயு வெளியேற்றமா? விண்மீன் பிறப்பு தீவிரமாக நடக்கும் மண்டலங்களில் வாயு நொடிக்குப் பல நூறு கி.மீ. வேகத்தில் வெளியே வீசப்படும். அதுவும் ஹெச்-ஆல்பாவை அகலமாக்கும். பிரித்தறிய, ஆக்சிஜன் 5008-க்கும் அதே அகலத்தில் ஓர் இரண்டாம் கூறு சேர்த்துப் பாருங்கள். அது ஒளியோடு வந்து உட்கார்ந்தால் வெளியேற்றம். பூஜ்யத்துக்கு ஒட்டியே நின்றால் அடர்ந்த வாயு, அதாவது கருந்துளையின் அருகாமை. ஆனால் 5008 மங்கலாக இருந்தால் இந்தச் சோதனைக்கு வலு இல்லை. ஹெச்-ஆல்பாவில் அகலக் கூறு எடுத்திருக்கும் அதே பங்கை 5008-லும் வைத்து, அது தெரிந்திருக்குமா என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அருகிலுள்ள மண்டலங்களில் நைட்ரஜன், ஆக்சிஜன் விகிதங்களை வைத்துக் கருந்துளையைப் பிரிக்கும் பழைய வரைபடம் இங்கே உதவாது. ஆதி மண்டலங்களில் கன தனிமங்கள் குறைவு. நைட்ரஜன் கோடு எழும்பவே எழும்பாது, கருந்துளை உள்ளதும் இல்லாததும் ஒரே இடத்தில் விழும். எக்ஸ் கதிரும் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. வெப் படங்களில் சிவந்த சிறு புள்ளிகளாகத் தெரிவதால் 'சிறு செம்புள்ளிகள்' என்று பெயர் பெற்ற பொருள்களில் பெரும்பாலானவை எக்ஸ் கதிரில் எதிர்பார்த்ததைவிட மிக மங்கல்.

நிறை. அகலக் கூறின் ஒளி 3.3 × 10⁻¹⁸ எர்க் (சதுர சென்டிமீட்டருக்கு, நொடிக்கு) என்று வைத்துக்கொள்வோம். செம்பெயர்ச்சி 5.246-க்கு ஒளித்தொலைவு ஏறத்தாழ 50 கிகாபார்செக். ஆஸ்ட்ரோபையில் பிளாங்க் 2018 அண்டவியலைப் போட்டால் கிடைக்கும். அதிலிருந்து கோட்டின் ஒளித்திறன் நொடிக்கு 10⁴² எர்க். ரெய்ன்ஸ் குழுவினர் 2013-இல் தந்த வாய்ப்பாடு: நிறையின் மடக்கை = 6.57 + 0.47 × (10⁴² அலகில் ஒளித்திறனின் மடக்கை) + 2.06 × (1,000 கி.மீ. அலகில் அகலத்தின் மடக்கை). அகலம் 2,000 என்றால் 6.57 + 0 + 0.62 = 7.19. ஒன்றரைக் கோடி சூரிய நிறை.

இந்த எண்ணின் சிதறல் மேலும் கீழும் 3 மடங்கு. 50 லட்சமும் இருக்கலாம், ஐந்து கோடியும் இருக்கலாம். தூசியையும் பாருங்கள்: அகலக் கூறுகளின் ஹெச்-ஆல்பா, ஹெச்-பீட்டா விகிதம் 3-ஐ ஒட்டி இருந்தால் பரவாயில்லை, 10 வந்தால் ஒளித்திறன் குறைவாகத் தெரிகிறது என்று பொருள். எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, வாய்ப்பாடு பக்கத்து மண்டலங்களை வைத்து உருவானது. சிறு செம்புள்ளிகள் சிலவற்றில் கோட்டின் சிறகுகள் காஸியனாக இல்லாமல் அடுக்குக்குறி வளைவாக இறங்குகின்றன. அடர்ந்த வாயுவில் எலக்ட்ரான்கள் ஒளியைச் சிதறடித்து அகலத்தை ஊதிக் காட்டினால் அப்படி வரும்; அப்போது நிறை 10 மடங்குக்கும் மேல் குறையலாம். ஆகவே அடுக்குக்குறி வளைவாலும் ஒரு தடவை பொருத்துங்கள். அது காஸியனை வென்றால் இரண்டு நிறைகளையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதுவது வாசிப்பவரை ஏமாற்றுவதாகும்.

கடைசியாக, ஒளித்திறனை 130-ஆல் பெருக்கினால் கருந்துளையின் மொத்த ஒளித்திறன் தோராயமாகக் கிடைக்கும். நம் எடுத்துக்காட்டில் 1.3 × 10⁴⁴. ஒன்றரைக் கோடி சூரிய நிறைக்கு எடிங்டன் வரம்பு (முன்பு சொன்ன அதிகபட்ச வேகத்தில் தின்னும்போது வரும் ஒளித்திறன்) 1.95 × 10⁴⁵. இரண்டையும் வகுத்தால் 0.07, வரம்பில் 7 விழுக்காடு வேகத்தில் தின்கிறது.

செம்பெயர்ச்சி 7-க்கு மேல்

ஹெச்-ஆல்பா நிர்ஸ்பெக்கை விட்டு வெளியே போனதும் ஹெச்-பீட்டாதான் துணை. அது சுமார் 9.9 வரை வரும், ஆனால் பலம் மூன்றில் ஒன்றுதான், அதனால் அதே உறுதிக்குப் பல மடங்கு நேரம் வேண்டும். சீர்ஸ் 1019 என்ற பொருளில், செம்பெயர்ச்சி 8.68-இல், சுமார் 90 லட்சம் சூரிய நிறைக் கருந்துளை இப்படித்தான் 2023-இல் முன்வைக்கப்பட்டது. 2025-இல் வந்த கேப்பர்ஸ் எல்ஆர்டி இசட்9 என்ற சிறு செம்புள்ளி 9.288-இல் இருக்கிறது, அகலமான ஹெச்-பீட்டாவே அதற்கும் ஆதாரம்.

10-ஐத் தாண்டினால் ஹெச்-பீட்டாவும் இல்லை, பெரும்பாலும் புற ஊதாக் கோடுகளை நம்ப வேண்டும். ஜிஎன்-இசட்11, செம்பெயர்ச்சி 10.6, பிரபஞ்சத்துக்கு 43 கோடி வயது. அங்கே நைட்ரஜன், நியான் அயனிக் கோடுகளை வைத்து சுமார் 16 லட்சம் சூரிய நிறை என்று மதிப்பிட்டார்கள். யுஹெச்இசட்1, செம்பெயர்ச்சி 10.1, வேறு வழியில் பிடிபட்டது: ஏபெல் 2744 என்ற கொத்தின் ஈர்ப்பு அதன் ஒளியைப் பெருக்கிக் கொடுக்க, சந்திரா தொலைநோக்கி எக்ஸ் கதிரைக் கண்டது. புற ஊதாவில் இறங்கும்போது கோட்டுக்குத் தேவையான ஆற்றலைப் பாருங்கள். ஹீலியம் 1640-க்கு 54 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் வேண்டும், மிகச் சூடான விண்மீன்களாலும் அதைக் கொடுக்க முடியும். நியான் 3427-க்கு 97 வேண்டும். அந்தக் கோடு இரட்டைப் பரிமாணப் படத்தில் மேலும் கீழும் நிழலோடு நின்றால், அகலமே அளக்க முடியாத நிறமாலையிலும் கருந்துளைக்கு வலுவான சாட்சியாக அதை எடுத்துக்கொள்ளலாம்.